குளிர் அதிர்ச்சியும் புரத உற்பத்தியும்

வெப்பநிலை திடீரென்று குறையும்போது உயிரணு தன் புரத உற்பத்தியை மாற்றியமைத்துக்கொள்வதற்குக் குளிர் அதிர்ச்சித் துலங்கல் என்று பெயர். ஈ.கோலை பாக்டீரியாவில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது. 37 டிகிரி செல்சியஸில் வளரும் ஈ.கோலையை 10 டிகிரிக்குக் கொண்டுபோனால் அதன் வளர்ச்சி சில மணி நேரம் நின்றுவிடுகிறது. பெரும்பாலான புரதங்களின் உற்பத்தி அடங்கிப்போக, ஒரு சில மட்டும் பெருகுகின்றன. ஜோன்ஸ், வான்போகலென், நைட்ஹார்ட் ஆகியோர் 1987-இல் இதை விவரித்தனர்.

தடை ஏற்படுவது, புரதங்களைக் கட்டும் ரைபோசோம் மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வைப் படிக்கத் தொடங்கும் கட்டத்தில். குளிரில் ஆர்.என்.ஏ. இழை நூல்போல் தனக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால் ரைபோசோமுக்கு இடம் கிடைப்பதில்லை. இந்தச் சிக்கலை அவிழ்க்கும் புரதங்களில் முதன்மையானது 70 அமினோ அமிலங்களே கொண்ட சி.எஸ்.பி.ஏ.

சி.எஸ்.பி.ஏ.வின் தூது ஆர்.என்.ஏ. 37 டிகிரியிலும் உருவாகிறது. ஆனால் சில நொடிகளில் சிதைந்துவிடும். குளிரிலோ பல நிமிடங்கள் நீடிக்கிறது. அதைவிட வியப்பு அதன் வடிவம். குளிர்ந்ததும் அது வேறு விதமாக மடிந்து, ரைபோசோம் பற்றும் இடத்தைத் திறந்து காட்டுகிறது என்று 2010-இல் கண்டறியப்பட்டது. அதாவது, வெப்பநிலையை உணரத் தனி உறுப்பு வேண்டியதில்லை. செய்தியைச் சுமக்கும் மூலக்கூறே வெப்பமானியாகவும் இருக்கிறது.

சி.எஸ்.பி.ஏ.வுடன், சிக்கிய இழையைப் பிரிக்கும் சி.எஸ்.டி.ஏ., ரைபோசோமின் சிறிய பகுதியை முதிர்ச்சியடையச் செய்யும் ஆர்.பி.எஃப்.ஏ. ஆகியவையும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. சி.எஸ்.பி.ஏ. மரபணுவை மட்டும் நீக்கினால் அதே குடும்பத்துப் புரதங்கள் ஈடுகட்டிவிடுகின்றன. அந்தக் குடும்பத்தின் நான்கு மரபணுக்களை ஒருசேர நீக்கினால் 15 டிகிரியில் ஈ.கோலை வளர்வதில்லை. இந்தக் குளிர் அதிர்ச்சிப் புரதங்கள் போதுமான அளவு சேர்ந்ததும் அவற்றின் உற்பத்தி குறைந்து, வளர்ச்சி மீண்டும் தொடங்குகிறது.

பாலூட்டிகளின் உயிரணுக்களில் வழி வேறு. இ.இ.எஃப்.2 என்னும் காரணியில் பாஸ்பேட் ஏறுவதால் புரதச் சங்கிலி நீள்வது தடைபடுகிறது. உறக்கத்தில் குளிர்காலத்தைக் கழிக்கும் தரை அணில்களிலும் இதைக் காணலாம். இந்தப் பொதுவான மந்தத்துக்கு நடுவிலும் ஆர்.பி.எம்.3, சி.ஐ.ஆர்.பி. ஆகிய இரு புரதங்கள் சுமார் 32 டிகிரியில் அதிகரிக்கின்றன. நரம்பு இணைப்புகள் அழியும் நோயுள்ள எலிகளில் ஆர்.பி.எம்.3-ஐ அதிகரித்தபோது அந்த இணைப்புகள் காக்கப்பட்டன என்றும், குறைத்தபோது இழப்பு விரைவுபட்டது என்றும் 2015-இல் ஜியோவானா மல்லூச்சியின் குழு அறிவித்தது.