மாசும் மீக்கடத்தியும்

உலோகம் எத்துணைத் தூயதோ, அத்துணை எளிதாக மின்சாரம் அதனுள் ஓடும் என்பது பழைய பாடம். 1911ஆம் ஆண்டில், ஹாலந்து நாட்டு லைடன் நகரில், காமர்லிங் ஓனஸ் என்னும் அறிஞர் சோதனைக்குப் பாதரசத்தைத் தேர்ந்ததும் அதனாலேயே. அதனைப் பலமுறை வடித்துத் தூய்மை செய்ய இயலும் அன்றோ? திரவ ஹீலியத்தின் குளிரில், அதாவது உறைநிலைக்குக் கீழ் ஏறத்தாழ 269 பாகையில், அதன் மின்தடை திடுமென மறைந்தது. இதனையே மீக்கடத்தல் என்கிறோம். தூய்மைக்குக் கிடைத்த பரிசு இது என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் பின்னர் பொன்னையும் காட்மியத்தையும் கலந்து பார்த்தபோதும் மின்தடை மறையவே செய்தது!

ஓனஸ் இதைக்கொண்டு வலிய காந்தங்கள் சமைக்க விழைந்தார். அந்தோ, ஈயக் கம்பிச்சுருள் சிறிய காந்தப் புலத்திலேயே தன் இயல்பை இழந்தது. அவ்வாசை நிறைவேற அரை நூற்றாண்டு ஆயிற்று. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், நியோபியமும் வெள்ளீயமும் சேர்ந்த பொருளொன்று, 88,000 காஸ் புலத்திலும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் ஆம்பியர் மின்சாரத்தைத் தாங்கியது. இத்தகைய பொருள்களில் காந்தப் புலம் மெல்லிய இழைகளாக ஊடுருவுகிறது என்று ருஷ்ய அறிஞர் அப்ரிக்கோசாவ் 1957லேயே கூறியிருந்தார். மின்சாரம் இவ்விழைகளைத் தள்ளும். அவை நகர்ந்தால் வெப்பம் பிறக்கும், மீக்கடத்தல் கெடும். அவற்றை நகரவொட்டாமல் ஆணியடித்தாற்போல் நிறுத்துவன, படிகத்திலுள்ள குறைகளே. குற்றமற்ற படிகம் இவ்வேலைக்கு உதவாது.

அணு உலையின் நியூட்ரான்களும் படிகத்தில் குறைகளை உண்டாக்குவன. அளவோடு பாய்ந்தால், வலிய புலத்தில் இப்பொருள் தாங்கும் மின்சாரம் கூடுவதும் உண்டு. அளவு மிஞ்சினால் நிலைமை வேறு. 1970களில் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தார் இதனை நன்கு ஆராய்ந்தனர். நியோபியம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளீயமும், வெள்ளீயத்தின் இடத்தில் நியோபியமும் அமர்ந்து, அணுக்களின் வரிசை குலைகிறது. அதனால், 18 கெல்வின் அளவில் தொடங்க வேண்டிய மீக்கடத்தல், அதில் பாதிக்கும் தாழ்ந்த குளிரிலேயே தொடங்குகிறது. உலையிலிட்டுச் சூடேற்றினால் அணுக்கள் பெரும்பாலும் தத்தம் இடம் சேர்கின்றன. ஆயினும், மாளிகையளவு காந்தத்தைச் சூளையில் இடுவது எங்ஙனம்?

பிரான்சு நாட்டின் கடராஷில் எழும் ஈட்டர் அணுப்பிணைவு உலையின் முதன்மைக் காந்தங்களில் இதே நியோபிய வெள்ளீயம் இருக்கிறது. நியூட்ரான்கள் அதனை அணுகாது தடுக்க, உலைக்கலத்தின் இரட்டைச் சுவர்களிடையே எஃகுத் தட்டுகளை நிரப்புகின்றனர். போரான் கலந்த அத்தட்டுகள் நம் இந்தியா அளித்தவை.