பெரும்பொருள் ஈட்டிய வீரர் வறியராதல் ஏன்?

விளையாட்டினாற் பெரும்பொருள் ஈட்டுதல் இக்காலத்துக்கு மாத்திரம் உரியதன்று. கி. பி. இரண்டாம் நூற்றாண்டிலே உரோமாபுரியில் வாழ்ந்த தயோக்கிளிஸ் என்னும் தேரோட்டி, 24 ஆண்டுகள் பந்தயத் தேர் செலுத்தி, மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட செஸ்டேர்சு நாணயங்களைப் பரிசாகப் பெற்றான் என்று அவன் பெயரால் எடுக்கப்பட்ட கல்வெட்டொன்று கூறுகின்றது. அவன் ஓய்வுபெற்றது தன் நாற்பத்திரண்டாம் வயதில். உடல் வலியை முதலாகக் கொண்ட தொழில்கள் யாவும் இத்தகைய குறுகிய கால எல்லையை உடையன. வீரனின் வெற்றிகளைக் கல்லிலும் ஏட்டிலும் பொறித்து வைக்கும் உலகம், அவன் அரங்கை விட்டு நீங்கிய பின்னர் அவனுடைய பொருளுக்கு யாது நேர்ந்தது என்பதைப் பெரும்பாலும் ஆராய்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டிலே வானொலியும் தொலைக்காட்சியும் பரவியபோது, தொழில்முறை விளையாட்டு வீரரின் வருவாய் முன் எக்காலத்தும் காணாத அளவுக்கு உயர்ந்தது. அவ்வுயர்ச்சியோடு கூடவே வியப்புக்குரிய வேறொரு நிகழ்ச்சியுங் காணப்பட்டது. பெருந்தொகைகளைக் கையாண்ட வீரர் பலர் ஓய்வுபெற்ற சில ஆண்டுகளுள் கடனாளிகளாயினர். சிலர் நீதிமன்றத்தின் முன் தம்மை வங்குரோத்தடைந்தவராக அறிவித்தனர். இதற்கு உலகத்தார் கூறும் காரணம் எளியது. கல்வி குறைந்தவர் கையிலே திடீரெனப் பொருள் குவிந்தது; அவர் அதனை ஊதாரித்தனமாகச் செலவழித்தனர் என்பதே அது. இக்கூற்றில் உண்மை ஓரளவு உண்டு; ஆயின் முழு உண்மை அதுவன்று. அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸின் வரலாற்றை நிரல்பட நோக்குவார்க்கு, இவ்வறுமையின் வேர் தனிமனிதனின் குணக்குறையைக் கடந்து ஆழச் செல்வது புலனாகும்.

லூயிஸ் 1914ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி அலபாமா மாநிலத்திலே, ஏழைக் கறுப்பினக் குடியானவர் குடும்பமொன்றிற் பிறந்தார். 1926இல் அக்குடும்பம் பிழைப்பு நாடி டெற்றோயிற் நகருக்குக் குடிபெயர்ந்தது. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலத்தில் அவர்கள் நகர நிருவாகத்தின் உதவிப் பணத்தைப் பெற்று வாழ்ந்தனர். பின்னர்ப் புகழ் பெற்ற லூயிஸ், யாரும் கேளாதிருக்கவும் அப்பணத்தைத் திருப்பிச் செலுத்தினார். 1934 யூலை 4ஆந் திகதி சிக்காகோவில் நிகழ்ந்த முதலாவது தொழின்முறைப் போட்டியில் அவர் பெற்றது அறுபது டொலருக்கும் குறைந்த தொகையே. மூன்றாண்டுகள் கழிய, 1937 யூன் 22இல், ஜேம்ஸ் பிராடொக்கை வென்று அதிபார எடையில் உலக வீரரானார். 1949 மார்ச் முதலாந் திகதி ஓய்வுபெறும்வரை, பதினோராண்டும் எட்டு மாதமும் அப்பட்டம் அவரிடமே இருந்தது. 25 முறை அதனைக் காத்து நின்றார். 1936இல் தம்மைத் தோற்கடித்த ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கை 1938இல் முதற் சுற்றிலேயே, இரண்டு நிமிடமும் நான்கு செக்கனும் கழிவதற்குள், வீழ்த்தினார். நாற்சிகளின் இனச்செருக்கு மேலோங்கியிருந்த அக்காலத்தில் அவ்வெற்றியை அமெரிக்க மக்கள் தம் நாட்டின் வெற்றியாகவே கொண்டாடினர்.

இத்துணைப் பெருமை பெற்றவர் ஈட்டிய பொருள் எவ்வளவு? அவருடைய போட்டிகளால் அவர் பெயருக்கு வந்தது 46 இலட்சம் டொலருக்கு மேல் என்றும், அதில் அவர் கையிற் சேர்ந்தது ஏறக்குறைய 8 இலட்சம் மாத்திரமே என்றும் கணித்துள்ளனர். எஞ்சியது சென்ற வழியை அறிதல் இன்றியமையாதது. குத்துச்சண்டை வீரன் மாதச் சம்பளம் பெறுபவன் அல்லன். போட்டியை ஒழுங்குசெய்பவர் நுழைவுச் சீட்டுப் பணத்தைத் திரட்டி, வீரனுக்கு ஒரு பங்கை ஒதுக்குவார். அப்பங்கிலிருந்து முகாமையாளரும் பயிற்றுநரும் தத்தம் கூற்றைப் பெறுவர்; பயிற்சி முகாமின் செலவும் அதனையே சாரும். லூயிஸுக்குக் கறுப்பினத்தவரான ஜோன் றொக்ஸ்பறோ, யூலியன் பிளாக் என்னும் இருவர் முகாமையாளராயிருந்தனர். 1915இல் ஜாக் ஜோன்சன் பட்டத்தை இழந்த பின்னர், 22 ஆண்டுகளாக எந்தக் கறுப்பின வீரருக்கும் அதிபார எடைப் பட்டத்துக்குப் போட்டியிடும் வாய்ப்புக் கொடுக்கப்படவில்லை. அவ்வாய்ப்பை லூயிஸுக்குப் பெறுதற்காக, ஒழுங்கமைப்பாளர் மைக் ஜேக்கப்ஸ், பட்டப் போட்டிகளால் தமக்கு வரும் இலாபத்திற் பத்திலொரு பங்கைப் பத்தாண்டுகளுக்குப் பிராடொக் தரப்பினருக்குக் கொடுக்க இசைந்தார். வென்றவரின் உழைப்பிலே தோற்றவருக்கும் நெடுங்காலப் பங்கு கிடைத்தமை, அத்தொழிலின் இயல்பை நன்கு விளக்கும். வீரனின் கை ஓங்கும்வரை அதனைச் சூழ்ந்து பல கைகள் நீளும். அக்கை தாழும் நாளைப் பற்றிக் கவலைகொள்ளும் பொறுப்போ அவற்றுள் எதற்கும் இல்லை.

பின்னர்ப் போர் வந்தது. 1942 ஜனவரி 9ஆந் திகதி பட்டத்தைக் காத்து நிகழ்த்திய போட்டியின் வருவாயை லூயிஸ் கடற்படைக் குடும்பங்களின் உதவி நிதிக்குக் கொடுத்தார். மறுநாளே தரைப்படையிற் சேரத் தம்மை ஒப்புக்கொடுத்தார். மார்ச் மாதத்தில் மற்றொரு போட்டியின் வருவாயைத் தரைப்படை உதவி நிதிக்கு ஈந்தார். இவ்விரு கொடைகளும் 80,000 டொலருக்கு மேற்பட்டன. சாதாரணப் படைவீரனாகச் சேர்ந்தபோது அவர் பெற்ற மாதச் சம்பளம் 21 டொலர். போர் முடியும்வரை அவர் ஏறக்குறைய நூறு காட்சிப் போட்டிகளில் இருபது இலட்சம் படையினர் முன் தோன்றினார். அச்சேவைக்காக 1945இற் பதக்கம் வழங்கப்பட்டது; அதே காலத்திற் கடனும் வளர்ந்தது.

கடன் வளர்ந்தவாற்றை நோக்குக. 1941ஆம் ஆண்டில் மாத்திரம் லூயிஸ் ஏழு முறை பட்டப் போட்டியில் இறங்கினார். சம்பளத்திலிருந்தே வருமானவரியைக் கழித்துக்கொள்ளும் முறை அமெரிக்காவில் 1943இலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர், ஓராண்டில் ஈட்டிய பொருளுக்குரிய வரியை அடுத்த ஆண்டிற் செலுத்துதல் வழக்கம். எனவே, பெருவருவாய் பெற்ற 1941ஆம் ஆண்டின் வரி, 21 டொலர்ச் சம்பளம் பெற்ற 1942ஆம் ஆண்டில் அவர்மேற் சுமந்தது. நிதிகளுக்குக் கொடுத்துவிட்ட பணத்தையும் அவருடைய வருமானமாகவே கணக்கிட்டு வரி விதித்தனர் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். போர் முடிந்தபோது, வரிக்கடன் ஓரிலட்சம் டொலருக்கு மேலென மதிக்கப்பட்டது. அதனோடு, தாம் கொடுத்த வகையில் இரண்டரை இலட்சம் டொலர் வரவேண்டும் என்று ஜேக்கப்ஸ் உரிமை கோரினார்.

1946 யூன் மாதத்தில் பில்லி கொன்னோடு நிகழ்ந்த போட்டியிலே நுழைவுச் சீட்டுப் பணம் 19 இலட்சம் டொலரைக் கடந்தது. லூயிஸின் பங்கு ஏறக்குறைய 6 இலட்சம். அதிலிருந்து முகாமையாளருக்கு 1,40,000 டொலரும், மணவிலக்குப் பெற்ற மனைவிக்கு 66,000 டொலரும், நியூயோர்க் மாநிலத்துக்கு 30,000 டொலரும் சென்றன. பழைய கடனும் மத்திய அரசின் வரியும் அவற்றின் பின் வரிசையாக நின்றன. வெளியுலகம் ஆறிலட்சத்தைக் கண்டது. வீட்டுக்கு வந்தது வேறு.

இங்கு வருமானவரியின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஏறுமுக வரியில், வருமானம் உயர உயர வரி வீதமும் உயரும். ஓர் உத்தியோகத்தர் ஆண்டுக்குப் பத்தாயிரம் வீதம் இருபதாண்டுகளில் இரண்டிலட்சம் ஈட்டுவாராயின், குறைந்த வீதத்திலேயே வரி கொடுப்பார். அதே இரண்டிலட்சத்தை ஒரே ஆண்டில் ஈட்டும் வீரனோ அதன் பெரும்பகுதியை வரியாக இழப்பான். வாழ்நாள் முழுவதையும் எண்ணினால் இருவரும் ஒத்த வருவாயினரே. சட்டம் அவர்களை ஆண்டு வாரியாகவே எண்ணிற்று. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் அதியுயர் வரி வீதம் நூற்றுக்கு 94. 1951இல் அது 91. அந்நிலையிலே பழைய வரியைத் தீர்க்கும்பொருட்டு ஒருவர் புதிதாக உழைத்தால், அவ்வுழைப்பின் வருவாய் அவ்வாண்டின் வரிக்கே பெரிதும் சென்றுவிடும். பழைய கடனோ வட்டியோடும் தண்டப்பணத்தோடும் வளர்ந்துகொண்டே செல்லும்.

லூயிஸுக்கு நேர்ந்ததும் இதுவே. இறைவரித் திணைக்களத்தார் கணக்குகளை ஆய்ந்து, வட்டியும் தண்டமும் சேர ஐந்திலட்சம் டொலருக்கு மேல் அவர் கொடுக்கவேண்டும் என 1950இல் அறிவித்தனர். ஓய்வுபெற்றவர் மீண்டும் அரங்கேறினார். அவ்வாண்டு செப்டெம்பரில் எசார்ட் சாள்ஸிடம் தோற்றார். 1951 ஒக்டோபர் 26ஆந் திகதி, முப்பத்தேழு வயதினரான அவரை இளைஞர் ரொக்கி மார்சியானோ எட்டாஞ் சுற்றில் வீழ்த்தினார். 1953இல் லூயிஸின் தாயார் இறந்தபோது மகனுக்கு விட்டுச் சென்ற 667 டொலரையும் திணைக்களத்தார் எடுத்துக்கொண்டனர். 1956இல் அவர் காட்சி மற்போரில் இறங்கினார். அப்பத்தாண்டின் இறுதியில் வரிக்கடன் பத்திலட்சம் டொலரைத் தாண்டிற்று. அப்போதைய வருமானத்துக்கேற்ற அளவே அறவிடுவதென்று அரசாங்கம் இசைந்தது 1960களின் தொடக்கத்திலேதான்.

லூயிஸிடம் குறையே இல்லை என்று கூறுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார்; கொல்ஃப் ஆட்டத்திலே பந்தயம் கட்டிப் பணம் இழந்தார். உணவுச்சாலை, பாற் கொம்பனி, இன்சூரன்ஸ் கொம்பனி, தம் பெயர் தாங்கிய குளிர்பானம் எனப் பல முயற்சிகளில் இறங்கினார்; அவை நிலைபெறவில்லை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்னும் பழமொழியை அவர் பேணவில்லை. ஆயினும், அளந்து போடுதற்குத் தம் கையிலுள்ளது எவ்வளவு என்பது தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ? வரி இன்னும் கணிக்கப்படாமலும் முற்பணங்கள் பிறர் ஏட்டிலே பதியப்பட்டும் இருந்த நிலையில், தமக்கு உரியது எது, உரியதல்லாதது எது என்பதை அவர் அறிதல் அரிதாயிருந்தது.

அவரிடம் தோற்ற ஷ்மெலிங்கின் பிற்கால வாழ்வு இதனைத் தெளிவுபடுத்தும். போரின் முடிவிற் பொருளிழந்த அவரும், பணத்தின்பொருட்டு நாற்பது வயதுக்கு மேல் மீண்டும் குத்துச்சண்டையில் இறங்கினார். பின்னர் 1957இல், ஹம்பேர்க் பகுதியிலே கொக்கா கோலா பானத்தை நிரப்பி விற்கும் உரிமையைப் பெற்றார். பந்தயக் குழுவொன்றிலே பழகிய ஜேம்ஸ் ஃபார்லி என்பவர் அக்கொம்பனியின் உயர்பதவியில் இருந்தமை அவருக்குத் துணையாயிற்று. வலிமை குன்றியபின் ஆண்டுதோறும் வருவாய் தரும் தொழில் அவருக்குக் கிடைத்தது. ஈட்டியதை விழுங்கக் காத்திருந்த பழைய வரிக்கடன் இல்லை. 2005இல், 99ஆம் வயதில், அவர் செல்வராகவே காலமானார்.

வருவாய் மேலும் பெருகினால் இவ்விடர் நீங்குமோ எனின், நீங்காது. மைக் ரைசன் 30 கோடி டொலருக்கு மேல் ஈட்டியும், ஏறக்குறைய இரண்டு கோடியே முப்பது இலட்சம் டொலர்க் கடனோடு 2003இல் வங்குரோத்து அறிவித்தார். 2015இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, 1996 முதல் 2003 வரை அமெரிக்கக் காற்பந்துக் கழகங்களிற் சேர்ந்த வீரர்களை ஆய்ந்தது. அவர்கள் ஆடும் காலம் பெரும்பாலும் ஆறாண்டு; அதற்குள் ஈட்டுவது ஏறக்குறைய 32 இலட்சம் டொலர். ஓய்வுபெற்ற 12 ஆண்டுகளுள் அவர்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேர் வங்குரோத்தடைந்தனர். இவ்வெண், பத்திரிகைகள் பரப்பிய எண்களிலும் மிகக் குறைந்ததே. ஆயின் அதனோடு கண்ட முடிபு பெரிது. அதிகம் ஈட்டியவரும் நெடுங்காலம் ஆடியவரும் மற்றவரினும் குறைவாக இவ்விடருக்கு உள்ளாகவில்லை. பொருளின் மிகுதி காவலாகாது என்பது இதனாற் பெறப்படும்.

காவலாக அமைந்தவை வேறு. பேஸ்போல் வீரர் 1947இல் உபகாரச் சம்பளத் திட்டமொன்றைப் பெற்றனர். கழகமும் சங்கமும் அற்ற குத்துச்சண்டை வீரர்க்கு அத்தகைய பேறு எளிதிற் கிடைக்கவில்லை. கலிபோர்னியா மாநிலம் அவர்க்கென 1982இல் ஓய்வூதிய நிதியொன்றை நிறுவிற்று. பல ஆண்டு வருமானத்தைச் சராசரிப்படுத்தி வரி செலுத்தும் முறை அமெரிக்காவில் 1964 முதல் 1986 வரை இருந்தது. லூயிஸுக்கு அது காலந்தாழ்ந்து வந்தது. முகமது அலியின் பெயரால் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், ஒழுங்கமைப்பாளர் தம் வருவாயை வீரனுக்கு வெளிப்படுத்தவும், முகாமையாளரின் நலன் அவர் நலனோடு கலவாதிருக்கவும் விதி செய்தது. இவை யாவும், வீரனின் மனவடக்கத்தை மாத்திரம் நம்பாது, குறுகிய காலத்து விளைச்சலை நெடுங்காலத்துக்குப் பங்கிட முயன்ற ஏற்பாடுகளாம்.

லூயிஸ் 1981 ஏப்பிரில் 12ஆந் திகதி காலமானார். குடியரசுத் தலைவர் றீகனின் சிறப்பு அனுமதியோடு, ஆர்லிங்டன் தேசிய மயானத்திலே படைமரியாதையுடன் அடக்கஞ் செய்யப்பட்டார். இறுதிச் சடங்கின் செலவில் ஒரு பகுதியை ஏற்றவர் ஷ்மெலிங். ஒரு நாடு தன் வீரனுக்குப் புகழையும் பதக்கத்தையும் கல்லறையையும் கொடுத்தல் எளிது. அவனுடைய பத்தாண்டு வலிமையின் பயன் எஞ்சிய நாற்பதாண்டுக்கும் நிலைக்குமாறு நேர்மையான கணக்கையும் நடுநிலையான சட்டத்தையும் கொடுத்தலே அரிது. காற்றுள்ளபோது தூற்றிக்கொள்ளுமாறு வீரனுக்கு அறிவுரை கூறுவோர் பலர். தூற்றிய நெல்லுக்குக் களஞ்சியம் அமைத்தல் அவனைக் கொண்டாடும் சமுதாயத்தின் கடனுமாம்.