ஹாரி குரோ பக்

ஹாரி குரோ பக் (1884-1943) இந்திய உடற்கல்வியின் முன்னோடிகளில் ஒருவர். சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியின் நிறுவனர், முதல் முதல்வர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியத் தடகள அணியின் மேலாளர். தஞ்சை வட்டாரம் உள்ளிட்ட தமிழகப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இன்றுள்ள பயிற்சி பெற்ற விளையாட்டு ஆசிரியர் என்ற பணியின் தொடக்கம் இவரது கல்லூரியில் உள்ளது.

பிறப்பு, கல்வி

ஹாரி குரோ பக் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1884-ல் பிறந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் உடற்கல்வி பயின்றார். இக்கல்லூரி விளையாட்டு வரலாற்றில் முக்கியமானது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-ல் கூடைப்பந்தை உருவாக்கியது இங்குதான். அருகிலுள்ள ஹோலியோக் நகரின் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் 1895-ல் கைப்பந்தை உருவாக்கினார். இவ்விரு விளையாட்டுகளையும் இந்தியாவில் பரப்பியதில் ஒய்.எம்.சி.ஏ. அமைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்பது பெரும்பாலும் 'டிரில்' மட்டுமே. மாணவர்கள் வரிசையில் நின்று கட்டளைக்கேற்பக் கையையும் காலையும் அசைப்பார்கள். கற்பித்தவர்களில் பலர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்கு ஒழுங்கு தெரியும், ஆனால் குழந்தைகளின் உடல் வளர்ச்சி பற்றியோ கற்பிக்கும் முறை பற்றியோ பயிற்சி இல்லை. பள்ளியில் மற்ற ஆசிரியர்களுக்கு இருந்த மதிப்பு 'டிரில் வாத்தியாருக்கு' இருக்கவில்லை.

மறுபக்கம் ஊர்களில் விளையாட்டுக்குக் குறைவில்லை. காவிரிப் படுகையில் சடுகுடு, கிளித்தட்டு, சிலம்பம் ஆகியவை வழங்கின. ஐந்து பேர் கொண்ட அணிகள் கம்பளி நூற்பந்தை மட்டையால் அடித்து ஆடும் பூப்பந்தாட்டம் தஞ்சாவூரில் தோன்றியதாகக் கருதப்படுகிறது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தினர் இதில் ஆர்வம் காட்டினர் என்று அவ்விளையாட்டின் வரலாறு கூறுகிறது. ஊரில் இருந்த இந்த விளையாட்டு வளத்துக்கும் பள்ளியில் நடந்த டிரில்லுக்கும் தொடர்பு இருக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் தேவைப்பட்டனர்.

கல்லூரியின் தோற்றம்

பக் 1919-ல் சென்னைக்கு வந்தார். 1920-ல் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளித் திடலை ஒட்டிய ஒரு கூரைக் கொட்டகையில் ஐந்து மாணவர்களுடன் அது தொடங்கியது. அவரது மனைவி மேரி பக் இப்பணியில் உடனிருந்தார். உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதற்கென ஆசியாவில் தொடங்கப்பட்ட முதல் நிறுவனமாக இது குறிப்பிடப்படுகிறது. பின்னர் சைதாப்பேட்டையை அடுத்து அடையாற்றங்கரையில் விரிந்த திடல்களுடன் கல்லூரி நிலைபெற்றது. இன்று அப்பகுதி நந்தனம் என்று அழைக்கப்படுகிறது.

மாணவன் தான் விளையாடுவது மட்டும் போதாது, பிறரை விளையாட வைக்கவும் வேண்டும் என்பது இத்தகைய பயிற்சியின் அடிப்படை. உடற்கூறு, முதலுதவி, விதிமுறைகள், நடுவர் பணி, ஒரே திடலில் பல மாணவர்களை ஆட வைக்கும் முறை ஆகியவை ஆசிரியருக்குத் தேவையாயின. திடலில் சுண்ணாம்புக் கோடு போடுவது முதல் போட்டி அட்டவணை தயாரிப்பது வரை அவர் பொறுப்பு.

பாரிஸ் ஒலிம்பிக், 1924

1924 பிப்ரவரியில் டெல்லியில் அகில இந்திய ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. தொராப்ஜி டாடாவும் ஒய்.எம்.சி.ஏ.வின் ஏ.ஜி. நோரனும் இம்முயற்சியில் முன்நின்றனர். இதிலிருந்து தேர்வான தடகள வீரர்களை மேலாளராகப் பாரிஸுக்கு அழைத்துச் சென்றவர் பக். நீளம் தாண்டும் வீரர் தலீப் சிங், தடை ஓட்ட வீரர் சி.கே. லட்சுமணன் ஆகியோர் அந்த அணியில் இருந்தனர். தடகளத்தில் பதக்கம் ஏதும் கிடைக்கவில்லை. எனினும் இம்முயற்சிகளின் தொடர்ச்சியாக 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது. டாடா தலைவராகவும் நோரன் செயலாளராகவும் பொறுப்பேற்றனர்.

நூல், இதழ்

பக் தொகுத்த விளையாட்டு விதிமுறை நூல் பல பதிப்புகள் கண்டது. இந்தியா முழுவதும் உடற்கல்வி ஆசிரியர்களின் கைநூலாக இருந்தது. இதன் பயன் எளியது, ஆனால் பெரியது. ஊருக்கு ஊர் விதி மாறினால் இரண்டு ஊர்கள் மோத முடியாது. கும்பகோணத்து அணியும் மன்னார்குடி அணியும் சண்டையின்றி ஓர் ஆட்டத்தை ஆடி முடிக்க, இருவருக்கும் பொதுவான அச்சிட்ட விதி வேண்டும். கல்லூரியிலிருந்து 'வியாயாம்' என்ற உடற்கல்வி இதழையும் பக் வெளியிட்டார்.

காவிரிப் படுகையில்

கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854-ல் பள்ளியாகத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் தஞ்சையில் மன்னர் சரபோஜி அரசுக் கல்லூரி 1955-லும், பூண்டி புஷ்பம் கல்லூரி 1956-லும் தொடங்கப்பட்டன. நெல் விளையும் ஊர்களின் பிள்ளைகள் முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்க வந்த கல்லூரிகள் இவை. இத்தகைய கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் என்பவர் ஒரே ஆளாகக் கபடி, கைப்பந்து, பூப்பந்து, தடகளம் என எல்லா அணிகளுக்கும் பயிற்சியாளராக இருப்பது வழக்கம். பூப்பந்தாட்டத்துக்கான இந்தியக் கூட்டமைப்பு 1954-ல் அமைந்தது. 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் கொண்ட திறந்த மண் திடல் அதற்குப் போதும். பொருட்செலவு குறைந்த இவ்விளையாட்டு கிராமப் பள்ளிகளில் வேரூன்றியதற்கு, அதைக் கற்றுத்தரத் தெரிந்த ஆசிரியர் அங்கே இருந்ததும் ஒரு காரணம்.

மறைவு

பக் 1943-ல் மறைந்தார். தொடங்கிய ஆண்டிலிருந்து இறுதிவரை கல்லூரியின் முதல்வராக இருந்தார். சென்னைக் கல்லூரியில் பயின்ற பி.எம். ஜோசப், 1957-ல் குவாலியரில் தொடங்கப்பட்ட லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியின் முதல் முதல்வரானார். தமிழ்நாடு அரசு 2004-ம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக உடற்கல்வி, விளையாட்டுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் ஒன்றை அமைத்தது.

வரலாற்று இடம்

பக் பிறந்த நாட்டில் ஒரு சிறு கல்லூரியின் பேஸ்பால் தலைமைப் பயிற்சியாளரை, அவரது அணி வென்ற ஆட்டங்களையும் தோற்ற ஆட்டங்களையும் எண்ணி மதிப்பிடுவது வழக்கம். பக்கின் பணிக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. அவர் ஒலிம்பிக்குக்கு அழைத்துச் சென்ற அணி பதக்கமின்றித் திரும்பியது. அவர் உருவாக்கியது வெற்றி பெறும் ஓர் அணியை அல்ல, அணிகளை உருவாக்கும் ஆசிரியர்களை. அணியில் இடம் கிடைக்காத மாணவனுக்கும் விளையாட்டு உரியது என்பதே உடற்கல்வி ஆசிரியர் என்ற பணியின் பொருள்.

பள்ளிகளில் பி.டி. பாட வேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் இன்றும் உள்ளது. தேர்வு நெருங்கும்போது முதலில் பூட்டப்படுவது விளையாட்டுப் பொருட்கள் வைக்கும் அறைதான். 1920-ல் அந்தக் கூரைக் கொட்டகையில் எழுப்பப்பட்ட கேள்வி, விளையாட்டு கல்வியின் பகுதியா, கல்வி முடிந்தபின் மிஞ்சும் நேரமா என்பது. அதற்குப் பக் தன் வாழ்நாள் உழைப்பால் விடை சொன்னார். பள்ளிகள் அந்த விடையை இன்னும் முழுமையாக ஏற்கவில்லை.