அவதானம்

அவதானம் என்பது, புலமை மிக்க ஒருவர் சபை நடுவே அமர்ந்து, பலர் ஒரே காலத்தில் விடுக்கும் வினாக்களையும் விளைக்கும் இடையூறுகளையும் சித்தம் சிதறாமல் ஏற்று நிறைவேற்றி, முடிவில் யாவற்றையும் நினைவினின்று ஒப்பிக்கும் வித்தையாகும். போரும் பகையுமின்றிச் சாமர்த்தியம் ஒன்றையே பரீட்சிக்கும் ஆட்டவிதிகளுள் இது தனிச்சிறப்புடையது. வினவுவோர் எண்மராயின் அஷ்டாவதானம், நூற்றுவராயின் சதாவதானம், ஆயிரவராயின் சகஸ்ராவதானம் எனப் பெயர் பெறும்.

அமைப்பு: தெலுங்கு அஷ்டாவதானத்தில் வினவுவோர் பிருச்சகர் என்றும், ஏற்று நிறைவேற்றுபவர் அவதானி என்றும் வழங்கப்படுவர். பணிகளுள் ஒன்றான நிஷித்தாக்ஷரியில் பிருச்சகர், அவதானி அடுத்துச் சொல்லக்கூடும் என ஊகித்த எழுத்தை விலக்க, அவதானி வேறெழுத்தால் யாப்பும் பொருளும் கெடாமல் செய்யுளைத் தொடர்வார். சமஸ்யையில் இடக்கான ஈற்றடி ஒன்றுக்கு ஏற்புடைய பொருள் காண வேண்டும். தத்தபதியில் கொடுத்த சொற்களை அடிதோறும் அமைக்க வேண்டும். வருணனையில் குறித்த காட்சியைப் பாட வேண்டும். இச்செய்யுட்கள் சுற்றுக்கு ஓரடியாக நான்கு சுற்றுகளில் வளர, இடையிடையே ஒலிக்கும் மணியை எண்ணவும், அப்பிரஸ்துதப் பிரசங்கி என்னும் பிருச்சகர் எழுப்பும் வேடிக்கை வினாக்களுக்கு மறுமொழி கூறவும் நேரும். இறுதியில் முழுச் செய்யுட்களையும் சொல்லுதல் தாரணை எனப்படும். பிருச்சகரின் தடை வலியதாயினும், அது நியமத்துக்கு உட்பட்டதாகலின் அவதானிக்கு ஒரு வழி எப்போதும் எஞ்சுகிறது. இச்சமநிலையே இவ்வித்தையின் உயிர்நிலை.

வரலாறு: சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை ஆந்திர தேசமெங்கும் பரப்பியவர்கள், திருப்பதி வேங்கட கவுலு என்று இணைத்து வழங்கப்பெற்ற திவாகர்ல திருப்பதி சாஸ்திரியும் (1872–1920) செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரியும் (1870–1950) ஆவர். தமிழில் 'விநோதரசமஞ்சரி' இயற்றிய அட்டாவதானம் வீராசாமி செட்டியாருக்குப் பின், இடலாக்குடியில் பிறந்த செய்குதம்பிப் பாவலர் (1874–1950) 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழெய்தினார். தமிழ் அவதானத்தில் பாட்டோடு சதுரங்கமும் சொக்கட்டானும் ஆடுதல், முதுகில் எறியும் கற்களை எண்ணுதல் முதலியனவும் இடம்பெற்றன.

சித்தூரும் திருப்பதியும்: வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு 1911இல் அமைந்து, தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் சித்தூர் மாவட்டத்திலும், அதன் ஒரு பகுதியையும் கொண்டு 2022இல் தனி மாவட்டமான திருப்பதியிலும் இக்கலை அறியப்பட்டதே. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அன்னமாசாரியத் திட்டத்துக்குத் தலைமை வகித்த மேடசானி மோகன் சகஸ்ராவதானி என்று பெயர் பெற்றவர்.

ஒப்பீடு: போரின்றிச் சாமர்த்தியத்தைப் பரீட்சிக்கும் விதிகளை வேறோர் ஆட்டத்திலும் காணலாம். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', மேசையைச் சுற்றி அமர்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டு, போர்விளையாட்டுகளினின்று கிளைத்தது. அதன் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு, தூது, தேடல் போன்ற போரல்லாத காரியங்களுக்கென, குறித்த அளவு தோல்விகள் நேருமுன் குறித்த அளவு வெற்றிகளை ஈட்டவேண்டும் என்று விதித்தது. அங்கே பகடை முடிவு செய்வதை இங்கே, அவதானத்தில், புலமை முடிவு செய்கிறது. அங்கே தோல்விகள் மிகின் காரியம் கெடும், இங்கே ஒன்று பிழைத்தாலும் ஏனைய ஏழும் நடைபெறும். ஆதலின், பரீட்சையை எண்ணிக்கையால் மட்டும் வகுக்காமல், ஒன்றுக்கொன்று இடையூறாகும் பணிகளை ஒருங்கு பிணைத்து வகுத்ததே அவதான விதிகளின் தனித்தன்மை எனலாம்.