ரெண்டு குமரி, ஒரு பழைய புத்தகம்

போன மாசம் என் சென்னை பால்கனியில ஒரு சோற்றுக்கற்றாழை அழுகிப்போச்சு. நாகர்கோவில்ல ஆச்சி வீட்டு முற்றத்துல இருந்து கொண்டுவந்த கன்று. போன்ல சொன்னதும் ஆச்சி கேட்டது ஒண்ணுதான்: "தெனமும் தண்ணி ஊத்தினியா மக்களே?"

ஊத்தினேன். அந்தக் குற்ற உணர்ச்சிதான் இந்த எபிசோட்.

சித்த மருத்துவத்துல கற்றாழைக்கு 'குமரி'ன்னு ஒரு பேர் உண்டு. குமரி எண்ணெய், குமரி லேகியம் கேள்விப்பட்டிருப்பீங்க. எங்க மாவட்டப் பேரும் அதுதானே, அப்ப இது எங்க ஊர்ச் செடின்னு எனக்கு ஒரே பெருமை. ஆனா ஊர்ப் பேர் கடற்கரையில நிக்கிற கன்னி அம்மனோடது. செடிக்குச் சொல்ற காரணம் வேற: வாடாத இளமை. பிடுங்கி வாசல்ல தலைகீழாக் கட்டினாலும் ரொம்ப நாள் பச்சையா நிக்குமே, அதான்.

தாவரவியலாளர்கள் இதோட பூர்வீகம் அரேபியத் தீபகற்பம்னு சொல்றாங்க. இதுக்கு 'அலோ வேரா'ன்னு பேர் பதிவானது 1768-ல, பர்மன் எழுதின 'ஃப்ளோரா இண்டிகா'வில. அரபு நாட்டுச் செடிக்கு இந்தியத் தாவர நூல்ல பேர்!

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்புறம் பெரிப்ளூஸ் படிச்சேன். கி.பி. முதல் நூற்றாண்டுல, கிரேக்க மொழியில, ஒரு வணிகர் எழுதின கடல்வழிக் கையேடு. இன்னைக்கு ஏமன்ல இருக்கிற கானே துறைமுகத்துல குந்திரிக்கமும் கற்றாழையும் ஏற்றுமதின்னு எழுதுறார். அந்தக் காலத்துல விலைபோன சரக்கு கற்றாழைப் பாலைக் காய்ச்சி இறுக்கின கட்டி. நாட்டு மருந்துக் கடையில கரியபோளம்னு கேட்டுப் பாருங்க. அதே புத்தகம் இந்தியக் கரையோரமா தெற்கே வந்து 'கொமரி'யில நிக்குது: ஒரு தேவி நீராடின இடம், அங்க ஆணும் பெண்ணும் வந்து நீராடி, மணம் செய்யாம வாழுறாங்கன்னு. கற்றாழையும் குமரி முனையும் ஒரே புத்தகத்துல!

சரி, என் செடி ஏன் செத்தது? வறண்ட நிலத்துச் செடி, தண்ணியைத் தடிச்ச இலைக்குள்ள சேத்து வைக்கும். இலைத் துளைகளை ராத்திரிதான் திறக்கும், ஈரம் வீணாகாம. குமரி மாவட்டத்துலயோ தென்மேற்கு, வடகிழக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. ஆனா ஆச்சி நட்டிருந்தது மணல் சரிவுல, கூரைத் தண்ணி விழாத இடத்துல. என்னோடது அடியில ஓட்டையே இல்லாத பீங்கான் தொட்டி. இலைகள் வட்டமா அடுக்கின நடுக்குருத்துலயே தண்ணி ஊத்தினேன். கீழ வேர் அழுகல், மேல குருத்தழுகல்.

இன்னொரு கன்று தர்றேன்னு ஆச்சி சொல்லியிருக்காங்க. ரெண்டு நாள் நிழல்ல காயவச்சு, மணல் கலந்த மண்ணுல நடணும். மண் நல்லாக் காஞ்சாத்தான் தண்ணி. ஆனா ஒரு கண்டிஷன்: முதல்ல தொட்டியோட அடிப்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பணுமாம்.