முருங்கை இலைக்கு எந்த உலர்த்தி? வாங்கும் முன் கணக்குப் பாருங்கள்

ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், குஜிலியம்பாறை பகுதிகளில் முருங்கைக்காய் விலை சரியும்போதெல்லாம், "இலையைக் காயவைத்துப் பொடியாக விற்கலாமா, எந்த மெஷின் வாங்கலாம்?" என்று விவசாயிகள் கேட்கிறார்கள். விற்கலாம். ஆனால் மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், இலையில் உள்ள நீரைக் கணக்கிடுங்கள்.

பச்சை இலையில் 75 முதல் 80 சதவீதம் ஈரப்பதம் உண்டு. பொடிக்கு அது 7 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும். காம்பு நீக்கிய 10 கிலோ இலையில் இருந்து 7.3 லிட்டருக்கு மேல் நீர் போய், சுமார் 2.1 முதல் 2.7 கிலோ காய்ந்த இலைதான் மிஞ்சும். விலை பேசும்போது இந்தக் கணக்கை மறக்காதீர்கள்.

நேரடி வெயிலில் காயவைத்தால் பச்சை நிறம் வெளுத்து, வைட்டமின் 'ஏ' சத்தும் குறையும். நிழலில் உலர்த்துவது நல்லதுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இலை காய்வதற்குள் கறுத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

நம் சமவெளி வெயிலுக்கு ஏற்றது, பாலிகார்பனேட் தகடு வேய்ந்த சூரிய கூடார உலர்த்தி. உள்ளே சூடு ஏறினால் போதும் என்று காற்று வெளியேற்றும் விசிறியை நிறுத்தி வைப்பவர்கள் பலர். இது தவறு. 30 டிகிரியில் 75 சதவீத ஈரத்தோடு நுழையும் காற்றை 45 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஒப்பு ஈரப்பதம் 33 சதவீதமாகக் குறைகிறது. அந்த வறண்ட காற்றுதான் இலையின் நீரை உறிஞ்சுகிறது. உறிஞ்சிய காற்று வெளியேறாவிட்டால் இலை காயாது, புழுங்கும். வெப்பநிலை 55 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். தகட்டின் வழியே வெளிச்சம் புகும் என்பதால், தட்டுகளுக்கு மேல் நிழல்வலை கட்டுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல் பரப்ப வேண்டாம். கழுவிய இலையை நன்றாக வடியவிட்டே ஏற்றுங்கள்.

மின்சாரத் தட்டு உலர்த்தி மழைக்காலத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கவே சுமார் 0.67 யூனிட் வேண்டும். 100 கிலோ இலைக்கு 50 யூனிட் ஆகிறது. வெப்ப இழப்பையும் சேர்த்தால் நடைமுறையில் இருமடங்கு வரை போகலாம். என்னைக் கேட்டால், தினமும் 100 கிலோ இலை நிச்சயமாகக் கிடைக்காத விவசாயிக்கு இது சுமைதான். கூடாரத்தையே முதன்மையாக வைத்து, மழைக்கு மட்டும் இதைக் குழுவாகச் சேர்ந்து வாங்குவது நல்லது.

காய்ந்ததா என்று அறிய ஈரப்பதமானி கட்டாயமில்லை. ஒரு தட்டில் சரியாக 1 கிலோ பச்சை இலையைத் தனியே வைத்து எடை பார்த்து வாருங்கள். சுமார் 215 முதல் 270 கிராமில் எடை நின்று, கையில் கசக்கினால் நொறுங்கினால் எடுத்துவிடலாம். ஆறிய பிறகே பையில் கட்டுங்கள். சூடாகக் கட்டினால் உள்ளே வியர்த்து, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

இன்னொன்று, உலர்த்தியால் சரிசெய்ய முடியாதது. காய்க்காகப் பூச்சிமருந்து தெளித்த மரத்தின் இலையை ஏற்றுமதிக்கு அனுப்பினால், எஞ்சிய நச்சு காரணமாகச் சரக்கு திரும்பிவிடும். இலைக்கென்று தனியாகச் சில வரிசைகளை மருந்து தெளிக்காமல் ஒதுக்குங்கள். பக்கத்து வரிசையில் தெளிக்கும் மருந்தும் காற்றில் வந்து படியாதபடி இடைவெளி விடுங்கள்.

சூரிய கூடார உலர்த்திக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. நடப்பு ஆண்டின் மானிய அளவை உங்கள் பகுதி உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு, பணி ஆணை கையில் வந்த பிறகே கட்டுமானத்தைத் தொடங்குங்கள்.