பழைய தமிழ் இதழ்களில் ‘சுதேசி’: ஒரு சொல்லாட்சி ஆய்வு

‘சுதேசி’ என்ற சொல் 1905 வங்கப் பிரிவினைக்குப் பின் எழுந்த கிளர்ச்சியோடுதான் தமிழுக்கு வந்தது என்று எண்ணுவோர் பலர். ஆனால் ஜி. சுப்பிரமணிய ஐயர் சென்னையில் ‘சுதேசமித்திரன்’ இதழைத் தொடங்கிய ஆண்டு 1882. அந்தப் பெயருக்கும் அந்நியத் துணி மறுப்புக்கும் தொடர்பில்லை. கிளர்ச்சி இங்கே எட்டுமுன்பே இச்சொல்லுக்குச் செய்தி எழுத்தில் ஒரு நிலைத்த பொருள் இருந்தது. புதிய பொருள் வந்தபோது பழையது விலகிவிடவில்லை. நாடு விடுதலை பெறும்வரை இரண்டும் ஒரே பத்திரிகை மொழியில் அடுத்தடுத்து வாழ்ந்தன. இதை மனத்தில் கொள்ளாமல் அக்காலச் செய்திகளைப் படித்தால் பொருள் பிறழும் என்பதே என் வாதம்.

முதலில் பழைய பொருள். ‘ஸ்வ’ என்ற வடமொழி முன்னொட்டுக்குத் ‘தன்’, ‘சொந்த’ என்று பொருள். தமிழில் அது ‘சு’ எனத் தேய்ந்தது. ஆங்கில அரசு ‘நேட்டிவ்’ என்று வகைப்படுத்திய பலவற்றுக்கும் பத்திரிகையாளர் கைக்கொண்ட சொல் ‘சுதேச’. சுதேச பாஷை, சுதேச வைத்தியம், சுதேச சமஸ்தானம் முதலியன இவ்வழியில் வந்தவை. இது வெறும் இடக்குறிப்பு அன்று. சட்டம் வகுத்த தாழ்நிலையும் அதற்குள் இருந்தது. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த பத்திரிகைச் சட்டம் சுதேச பாஷை இதழ்களை மட்டுமே கட்டுப்படுத்தியது, ஆங்கில இதழ்களைத் தொடவில்லை. அந்தச் சட்டம் நீக்கப்பட்ட 1882ஆம் ஆண்டிலேயே அதே சொல்லைத் தலைப்பில் தாங்கி ஓர் இதழ் வெளிவந்தது. ஆட்சியாளர் ஒதுக்கி வைக்கப் பயன்படுத்திய வகைப்பெயரோடு ‘மித்திரன்’ சேர்ந்ததும் அது உரிமைப் பெயராயிற்று.

1905க்குப் பின் சொல் பிறப்பை விட்டுச் செயலைப் பற்றிக்கொண்டது. துணி, தீப்பெட்டி, சர்க்கரை போன்றவற்றில் ‘சுதேசி’ என்றால் இந்நாட்டில் செய்யப்பட்டது. கப்பலில் அப்படியில்லை. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் காலியா, லாவோ இரண்டும் ஐரோப்பாவில் கட்டப்பட்டவை. அவற்றைச் சுதேசிக் கப்பல் என்று மக்கள் கொண்டாடியதில் முரண் எதுவும் இல்லை. கொழும்புத் தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து ஓடியவை அவை. முதலும் நிர்வாகமும் நம்மவருடையவை. 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், ஆக 10 லட்சம் ரூபாய் முதல் என்பது திட்டம். ஆசியர் எவரும் பங்குதாரர் ஆகலாம் என்றும் விதி இருந்தது. இலங்கை வணிகரும் இடம்பெறத்தக்க அந்தக் கம்பெனியில் ‘சுதேச’த்தின் எல்லை இந்தியாவைத் தாண்டிவிட்டது. துணியில் உற்பத்தியையும் கப்பலில் உடைமையையும் குறித்த இச்சொல்லை ஒரே வரியில் விளக்கிவிடும் அகராதிகள் எனக்குப் போதுமானவையாகத் தெரியவில்லை.

இரு பொருள்களும் நேருக்கு நேர் மோதிய இடம் திருவிதாங்கூர். ‘சுதேசாபிமானி’ என்ற மலையாள இதழின் ஆசிரியர் கே. இராமகிருஷ்ண பிள்ளை, திவான் ஆட்சியைக் கண்டித்து எழுதியதற்காக 1910 செப்டம்பரில் நாடு கடத்தப்பட்டார். கடத்தியது ஒரு சுதேச சமஸ்தானம். அவரைக் கொண்டுவந்து விட்ட இடமோ ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட திருநெல்வேலி. சமஸ்தானத்தின் ‘சுதேச’ அரசியல் ஏற்பாட்டின் பெயர், ஆசிரியரின் ‘சுதேச’ நாட்டுப்பற்றின் பெயர். இங்கே ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் நிகழ்ச்சியே புரியாது.

இச்சொல்லைக் கடுமையான விசாரணைக்கு உட்படுத்தியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற பெயரில் அவர் தொடங்கி, பின்னர் ‘தமிழன்’ ஆன வார இதழில், சாதி வேற்றுமையை வைத்துக்கொண்டே சுதேசியம் பேசுவோரைக் கேள்வி கேட்டார். இம்மண்ணின் பூர்வ குடிகளைத் தீண்டாமல் ஒதுக்குகிறவர் எப்படிச் சுதேசியாக முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். இயக்கத்தார் செயலின் பெயராக மாற்றிய சொல்லை அவர் மீண்டும் பிறப்புரிமையின் பக்கம் இழுத்தார். அவர் வினாவுக்கு அன்றைய தேசிய இதழ்கள் நேர்மையாக முகங்கொடுக்கவில்லை என்பது என் முடிவு.

வடிவ வேறுபாடும் ஓரளவு உதவும். ‘சுதேச’ எனத் தொகையாக வருமிடத்தில் பழைய நிர்வாகப் பொருளும், ‘சுதேசி’ எனத் தனித்து நிற்குமிடத்தில் இயக்கப் பொருளும் மிகுதி. விதிவிலக்கும் உண்டு: 1908இல் பாரதியார் வெளியிட்ட தொகுதியின் பெயர் ‘ஸ்வதேச கீதங்கள்’. இலங்கைத் தமிழில் ‘சுதேச மருத்துவம்’ இன்றும் வழக்கில் இருக்கிறது. அது பழைய பொருளின் நேர் வாரிசு.

பழைய இதழ்களை மின்வடிவில் ஏற்றுவோர்க்கு ஒரு வேண்டுகோள். ‘ஸ்வதேச’, ‘சுதேச’, ‘சுதேசி’, ‘சுதேசிய’ ஆகியவற்றை ஒரே எழுத்துமுறைக்கு மாற்றிவிடாதீர்கள். அச்சில் உள்ளபடியே, இதழின் பெயரும் தேதியும் அடுத்து வரும் சொல்லும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.